பற்றும் கையும் படைப்பின் நோக்கமும்

மரமேறும் உயிரின் உடல் மரத்துக்கு இவ்வளவு பொருந்தியிருக்கிறதே, அதை மரத்துக்கென்றே அமைத்த ஒருவன் இருக்க வேண்டாமா என்பது சமயத் தத்துவத்தின் பழைய கேள்வி. அழிந்துபோன மரமேறி ஊர்வனவற்றை முன்வைத்துக் கேட்டால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. உயிரும் இல்லை, அது பற்றிய மரமும் இல்லை. பாறையில் பதிந்த எலும்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த எலும்பைக் கண்டு 'இது ஏறிய கை' என்று சொல்வது ஓர் அனுமானம். 'இது ஏறுவதற்காகப் படைக்கப்பட்ட கை' என்று சொல்வது இன்னோர் அனுமானம். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், முன்னதற்கு உள்ள உறுதி பின்னதற்கும் உண்டென்று எளிதில் கொள்ளப்படுகிறது.

இவற்றைப் பிரித்தறியத் தமிழ்ச் சமயங்கள் நெடுங்காலம் கையாண்ட கருவி அளவை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பலவாறாகச் சொல்லப்படும் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. கண்ணால் கண்டது, கண்டதைக்கொண்டு ஊகித்தது, நூல் உரைத்தது என்று அவற்றைச் சுருக்கலாம். மரமேறும் கை பற்றிய கேள்வியையும் இந்த வரிசையிலேயே ஆராயலாம்.

காண்டல்: ஊவா மலைகளின் மரமேறிகள்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஒஹியவிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு ஏறும் வழியெங்கும் முகில் தவழும் காடு. அத்தகைய காட்டின் பாசி படிந்த கிளைகளில் கொபோட்டிஸ் சிலானிக்கா என்னும் சிற்றோணான் வாழ்கிறது. இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் இது. மெல்ல நகரும், முட்டையிடாமல் குட்டி போடும். வால்நுனியைக் கிளையில் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் அதற்கு வாலே ஐந்தாம் கால்.

இதே வேலையை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த பச்சை விரியனின் வாலும் செய்கிறது. இதுவும் இலங்கைக்கே உரியது. வாலால் கிளையைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடந்து இரைக்குக் காத்திருக்கும். தேயிலைச் செடிக்குள்ளும் இப்படிக் கிடப்பதால், கொழுந்து பறிக்கும் கையில் அது தீண்டுவதுண்டு. ஆனால் இலங்கையில் தேயிலை வணிகப் பயிரானது 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட பின்புதான். விரியனின் வாலோ அதற்கு எத்தனையோ இலட்சம் ஆண்டுகள் மூத்தது. இன்று தேயிலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் அந்தப் பிடி, தேயிலையை எதிர்பார்த்து உருவானதன்று.

தமிழில் விடாப்பிடிக்குப் பெயரே உடும்புப்பிடி. குட்டி உடும்பு மரத்திலேயே பெரும்பாலும் காலம் கழிக்கும். வளைந்த கூர்நகங்கள் பட்டையில் கொளுவிக்கொள்ளும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் சுவரில் ஓடும் பல்லியின் முறை வேறு. பல்லியினங்களுள் நன்கு ஆராயப்பட்ட டொக்கைப் பல்லியின் ஒவ்வொரு பாதத்திலும் ஏறக்குறைய ஐந்து இலட்சம் நுண்மயிர்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான தட்டை நுனிகளாகப் பிரிகின்றன. மூலக்கூறுகளுக்கிடையே உள்ள மெல்லிய ஈர்ப்பு இத்தனை நுனிகளிலும் சேரும்போது உடல் முழுவதையும் தாங்கும் பிடியாகிறது. இலங்கையின் வறண்ட தாழ்நிலத்துப் பச்சோந்தியிடம் மூன்றாவது முறை ஒன்றைக் காணலாம். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி எதிரெதிரே நின்று குறடுபோல் கிளையைக் கவ்வுகின்றன.

ஆக, நகத்தால் கொளுவுதல், தட்டையாக ஒட்டுதல், கைகால்களால் கவ்வுதல், வாலால் சுற்றுதல் ஆகிய நான்கையும் உயிருள்ள விலங்குகளில் நேரே காணலாம். பாறையில் கிடக்கும் எலும்பைப் படிப்பதற்கு இவையே அகராதி.

கருதல்: பாறையில் கிடக்கும் கை

அப்படிப்பட்ட எலும்பு எதுவும் பதுளை மலைகளில் கிடைக்காது. நமுனுகுலயும் அப்புத்தளையும் நிற்கும் பாறை, நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. ஊர்வன உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானது. உயிர்ச்சுவடு தங்கும் படிவுப்பாறை இலங்கையில் அரிது. புத்தளம் மாவட்டத்தில் தப்போவ, அண்டிகம போன்ற இடங்களின் ஜுராசிக் படிவுகளில் செடிகளின் சுவடுகள் கிடைத்துள்ளன. இரத்தினபுரி மாணிக்கக் கல் சரளையிலிருந்து தொல்லுயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல அழிந்துபோன நீர்யானை, காண்டாமிருகம் முதலியவற்றை விவரித்தார். பழங்கால மரமேறிகளுக்குக் கடல் கடந்துதான் போக வேண்டும்.

ரஷ்யாவின் கொட்டெல்னிச் என்னுமிடத்தில் கிடைத்த சுமினியா ஏறக்குறைய 26 கோடி ஆண்டுகள் பழையது. கண்டிப்பாகச் சொன்னால் அது ஊர்வன கிளையைச் சேர்ந்ததன்று. பாலூட்டிகளின் தொலைதூர உறவு. நீண்ட கைகால்களும், கையின் மொத்த நீளத்துக்கு ஒவ்வாத அளவு நீண்ட விரல்களும், மற்ற விரல்களிலிருந்து விலகி நிற்கும் முதல் விரலும் கிளையைப் பற்றிய வாழ்க்கையைக் காட்டுகின்றன. இவற்றை 2009இல் ஃப்ரோபிஷ், ரைஸ் என்னும் இருவர் விளக்கினர். முதுகெலும்புள்ள உயிர்களில் மரவாழ்க்கைக்கு அறியப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இது. பெர்மியன் காலத்தின் பிற்பகுதியில் மடகாஸ்கரிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த வைகெல்டிசோர்கள் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் விலா எலும்புகளையே விரித்துச் சிறகாக்குகிறது. வைகெல்டிசோர்களுக்கோ விலாவைச் சேராத தனி எலும்புக் கம்பிகள் இருந்தன. உயரத்திலிருந்து சறுக்க வேண்டுமானால் முதலில் உயரம் ஏற வேண்டும். மெலிந்த நீண்ட கால்களும் வளைந்த நகங்களும் அந்த ஏற்றத்துக்குச் சாட்சி.

மிகவும் வியப்பூட்டுபவை டிரயாசிக் காலத்து டிரெபனோசோர்கள். இத்தாலியின் வடபகுதியில் பிரெயோனேயில் கிடைத்த மெகலன்கோசோரஸ் 1980இல் விவரிக்கப்பட்டது. ஏறக்குறைய 21 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. சுமார் 25 சென்ரிமீற்றர் நீளமான அந்தச் சிறு விலங்குக்குப் பறவையின் தலையைப் போன்ற கூர்த்தலை. கையில் இரண்டு விரல்கள் மற்ற மூன்றுக்கு எதிராக நின்றன. கீழ்நோக்கி வளையும் வாலின் நுனியில் எலும்பாலான கொக்கி ஒன்று இருந்தது. அதே ஆண்டில் விவரிக்கப்பட்ட டிரெபனோசோரஸின் கையில் இரண்டாம் விரல் நகம் மட்டும் மிகப் பெரியது. நியூ மெக்சிக்கோவில் கிடைத்த எலும்புகளைக்கொண்டு 2016இல் வெளிவந்த ஆய்வு, அந்த நகம் பட்டையையோ பூச்சிக்கூட்டையோ கொத்தி இழுக்க உதவியிருக்கும் என்று சிற்றெறும்புண்ணியின் கையோடு ஒப்பிட்டுக் காட்டியது.

இங்கே நிகழ்வது தருக்க நூல்கள் சொல்லும் அனுமானமே. மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அதன் உறுப்புகளை விரிக்கிறது. மலையில் தீ உண்டு என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களை திட்டாந்தம். வறட்சி மாதங்களில் ஊவாப் புற்றரைகளில் புகை எழுந்தால் தொலைவில் நிற்பவர் தீயை அறிவது இப்படித்தான். இந்த விலங்கு மரமேறியது என்பது பக்கம், எதிரெதிர் விரலும் பற்றும் வாலும் இருப்பதால் என்பது ஏது, பச்சோந்தி திட்டாந்தம். புகையைத் தீயோடு சேர்த்துப் பலமுறை கண்டிருப்பதுபோல, இந்தக் கையை ஏறுதலோடு சேர்த்துக் கண்டிருப்பதே இந்த அனுமானத்தின் வலிமை.

அனுமானம் தவறுவதும் உண்டு. நியூ ஜெர்சியில் கிடைத்து 2001இல் பெயரிடப்பட்ட ஹைப்புரோனெக்டர் இலைபோல அகன்ற வாலுடையது. அந்த வாலைக் கண்டு அது நீந்தும் உயிர் என்று முதலில் கருதப்பட்டது. மற்ற டிரெபனோசோர்களோடு ஒப்பிட்ட பின் அதுவும் மரவாசியாக இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. ஆனால் இந்தத் தவறு திருத்தக்கூடிய தவறு. இன்னோர் எலும்பு கிடைத்தால், இன்னோர் உயிர் ஒப்பிடப்பட்டால், முடிவு மாறும்.

'ஆக' என்னும் உருபு

'ஏறுவதற்காக அமைந்த கை' என்னும் தொடரில் சிக்கலை உண்டாக்குவது 'ஆக' என்னும் உருபு. அது இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று பயன்: கை எதற்கு உதவுகிறது என்பது. மற்றது கருத்து: அமைத்தவன் எதை எண்ணி அமைத்தான் என்பது.

இரண்டும் சேர்ந்தே அமைவதைத் தேயிலை மலையில் காணலாம். தேயிலை இயல்பில் மரம். வெட்டாமல் விட்டால் பல மீற்றர் உயரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, இடுப்பளவில் மேசைபோல் தட்டையாக்கி, கைக்கெட்டும் உயரத்திலேயே கொழுந்து துளிர்க்கச் செய்கிறார்கள். அந்தத் தட்டைவடிவம் பறிப்பதற்குப் பயன்படுகிறது. பறிப்பதை எண்ணியே ஆக்கவும்பட்டது. எண்ணம் முன்னே நின்றது, வடிவம் பின்னே வந்தது. கத்தியும் வெட்டுத் தழும்பும் அதற்குச் சான்று. யார் செய்தார்கள், எப்போது, எதற்கு என்று கேட்டால் விடை உண்டு.

ஓணானின் வாலும் இப்படித்தான் என்பது 1802இல் இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிஞர் வில்லியம் பேலி வெளியிட்ட இயற்கை இறையியல் நூலின் வழி. கடிகாரத்தைக் கண்டவர் கடிகாரஞ் செய்தவனை ஊகிப்பதுபோல, உறுப்பின் பொருத்தத்தைக் கண்டவர் படைத்தவனை ஊகிக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1859இல் டார்வின் அதே பொருத்தத்துக்கு வேறொரு காரணம் காட்டினார். ஒரே இனத்தின் குட்டிகளுக்குள் சிறு வேறுபாடுகள் பிறவியிலேயே உண்டு. சற்று இறுகப் பற்றும் குட்டி கிளையிலிருந்து விழாமல் வளர்ந்து தன் குட்டிகளைப் பெறுகிறது. பிடி தளர்ந்தது குறைவாகவே பெறுகிறது. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால், எவரும் எண்ணாமலே பிடி இறுகும். பயன் உண்மையாகவே இருக்கிறது. அந்த உறுப்பு நிலைத்ததற்கும் அந்தப் பயனே காரணம். முன்னே நிற்கும் எண்ணம் மட்டும் இந்த விளக்கத்துக்குத் தேவைப்படவில்லை.

இதைச் சமயத்துக்குச் சார்பாகத் திருப்பும் ஒரு வாதமும் உண்டு. டிரெபனோசோர்கள் டிரயாசிக் முடிவோடு மறைந்தன. பச்சோந்திக் குடும்பம் அதற்குப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தோன்றியது. இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. ஆயினும் குறடுக் கையும் பற்றும் வாலும் இரண்டிலும் அமைந்தன. இத்தகைய ஒருங்கல்கள் உயிரின் வரலாறு செல்லக்கூடிய வழிகள் சிலவே என்பதைக் காட்டுகின்றன என்றும், கிறிஸ்தவப் படைப்புக் கொள்கையோடு அது இயைவதே என்றும் கேம்பிரிட்ஜின் தொல்லுயிரியலாளர் சைமன் கொன்வே மொறிஸ் 2003இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். 1989இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஸ்டீவன் ஜே கூல்ட் நேர்மாறாகச் சொல்லியிருந்தார்: வரலாறு மறுபடி தொடக்கத்திலிருந்து நடந்தால் வேறு வழியில்தான் போகும் என்பது அவர் துணிபு. ஒருங்கல் உண்மை. ஆனால் கிளை உருண்டை, உடலுக்கு எடையுண்டு, விழுந்தால் சாவு என்னும் மூன்றும் எல்லாக் காலத்துக்கும் பொது. ஒரே கேள்வியைச் சந்தித்த இரண்டு உடல்கள் ஒரே விடைக்கு வந்ததைக்கொண்டு, கேள்வியைக் கேட்டவர் ஒருவர் இருந்தார் என்று முடிவு கட்ட முடியாது.

புற்றும் குயவனும்

இந்திய மரபில் இந்த விவாதம் பேலிக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. குடம் காரியம், அதற்குக் குயவன் உண்டு. உலகும் காரியம், அதற்கும் ஒரு கர்த்தா உண்டு என்பது நியாய மரபின் வாதம். உதயனரின் நியாயகுசுமாஞ்சலி அதை மிக விரிவாக நிறுவ முயல்கிறது. அதற்கும் முன்பே, 7ஆம் நூற்றாண்டில், பௌத்த அறிஞர் தருமகீர்த்தி ஒரு கறையான் புற்றைக் காட்டி மறுத்திருந்தார். மண்ணாலான வடிவம் என்பது மட்டுமே ஏதுவானால் புற்றையும் குயவனே வனைந்தான் என்று கொள்ள வேண்டிவரும். குடத்தைக் குயவன் வனைவதைக் கண்டிருக்கிறோம். ஆகவே குடத்தைக் கண்டால் குயவனை ஊகிக்கலாம். வடிவம் என்னும் சொல் பொதுவாக இருப்பதால் மட்டும் அந்த ஊகத்தைக் காணாத பொருளுக்கெல்லாம் நீட்ட முடியாது.

புற்றை அம்மனின் இருப்பிடமாகக் கொண்டு மஞ்சள் பூசி வணங்கும் தமிழருக்கு இந்த எடுத்துக்காட்டு புதிதாய் ஒன்றைச் சொல்கிறது. புற்றைக் கட்டியது கறையான் என்பதை வணங்குபவரும் அறிவார். கட்டியவர் யார் என்னும் விடை, அங்கே தெய்வம் உறைகிறதா என்னும் கேள்வியைத் தீர்ப்பதில்லை. அது வேறு கேள்வி.

இறைவனை முழுமனத்தோடு ஏற்றவர்களும் இந்த அனுமானத்தை மறுத்ததுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், உலகைக் கண்டு அதைப் படைத்தவன் ஒருவனை ஊகித்து நிறுவ இயலாது என்றும், பிரமத்தை அறியச் சாத்திரம் ஒன்றே வாயில் என்றும் தம் ஸ்ரீபாஷ்யத்தில் விரிவாக வாதிடுகிறார். ஆகவே கையின் பொருத்தத்திலிருந்து இறைவனுக்குப் பாலம் போட முடியாது என்று சொல்பவரெல்லாம் நாத்திகர் என்று கொள்வதற்கில்லை.

அழிவு என்னும் ஏது

பொருத்தமே படைத்தவனுக்குச் சான்று என்றால், பொருந்திய உயிர் அழிந்தது எதற்குச் சான்று? 1796இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே யானைகளின் எலும்புகளை ஒப்பிட்டு, மறைந்துபோன இனங்கள் உண்டு என்பதை ஐரோப்பியர் ஏற்கும்படி காட்டினார். அன்றுமுதல் இந்தக் கேள்வி வடிவமைப்பு வாதத்தை நெருக்கியது. மெகலன்கோசோரஸின் பிடி குறைபட்டதன்று. அதன் உலகம் மாறியது. மாறிய உலகில் அந்தப் பிடி காப்பாற்றவில்லை. பொருத்தம் ஒரு காலத்துக்கும் ஓர் இடத்துக்கும் உரியது.

சைவ சித்தாந்தத்தின் தொடக்கம் இந்த நெருக்கடிக்கு வெளியே நிற்கிறது. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் தந்த சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆனது. குயவன் உவமையை இந்த மரபும் கையாள்கிறது. மண், சக்கரம், குயவன் என முதல், துணை, நிமித்தக் காரணங்களை விளக்குகிறது. ஆனால் முதற் சூத்திரம் உறுப்புகளின் அழகையோ பொருத்தத்தையோ ஏதுவாகக் கொள்ளவில்லை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது என்பதே அதன் ஏது. எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீளத் தோன்றும். எனவே ஒடுக்குபவனே முதல்வன் என்று அது முடிக்கிறது. பேலிக்கு இடைஞ்சலாக நின்ற அழிவு, மெய்கண்டாரின் வாதத்தில் முதற்படி. இதனால் அந்த வாதம் நிறுவப்பட்டுவிட்டது என்று ஆகாது; தருமகீர்த்தியின் கேள்வியை அதனிடமும் கேட்கலாம். ஆனால் அழிந்துபோன ஊர்வனவற்றின் எலும்பு அதற்கு எதிரான சான்று அல்ல என்பது தெளிவு.

இந்த மரபில் உடலின் நோக்கம் என்பதற்கும் பொருள் வேறு. தனு (உடல்), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்ச்சி) ஆகியவை உயிருக்கு வினைக்கேற்பக் கொடுக்கப்படுபவை. விடியும்வரை இருளில் பிடிக்கும் விளக்கைப் போன்றவை. உயிரியல் 'கை மரத்துக்காக' என்கிறது. சித்தாந்தம் 'உடல் உயிரின் பக்குவத்துக்காக' என்கிறது. முன்னதை எலும்பால் சோதிக்கலாம், பின்னதை முடியாது. இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பதும் இல்லை, தாங்குவதும் இல்லை. தமிழ் வழக்கில் எண்ணப்படும் 84 இலட்சம் யோனிபேதத்தில் ஊர்வனவற்றுக்கு 11 இலட்சம் என்பர். அதில் ஒரு வடிவம் உலகிலிருந்து மறைந்தாலும் உயிர் அழிவதில்லை, வேறு உடல் எடுக்கும் என்பது கொள்கை. அழித்தலையே இளைத்த உயிருக்கு இறைவன் தரும் ஓய்வாகச் சித்தாந்தம் காண்கிறது.

பதுளை நகரின் முதியங்கனை விகாரை சார்ந்த பௌத்தத்தில் படைத்தவன் என்னும் பாத்திரமே இல்லை. மணிமேகலையின் இறுதிக் காதை எண்ணும் 12 சார்புகளில் ஒன்பதாவது பற்று. வேட்கையால் பற்றும், பற்றால் பவமும், பவத்தால் பிறப்பும் வருகின்றன. கிளையைப் பற்றும் கைக்கும் வாழ்வைப் பற்றும் மனத்துக்கும் தமிழில் சொல் ஒன்றே. பற்றியது பிழைத்தது என்று உயிரியல் சொல்வதும், பற்றுவதால் பிறவி நீள்கிறது என்று பௌத்தம் சொல்வதும் அருகருகே கேட்கின்றன. ஆனால் முன்னது எலும்பையும் தசையையும் பற்றிய செய்தி; பின்னது துன்பத்தின் காரணம் பற்றிய போதனை. சொல் ஒன்றாவதால் பொருளும் ஒன்றென்று கொள்வது, தருமகீர்த்தி புற்றைக் காட்டிக் கண்டித்த அதே பிழை.

உரை: நூலின் எல்லை

மூன்றாம் அளவையான உரை, காண்டலும் கருதலும் எட்டாதவற்றுக்கு உரியது. விரல் எத்தனை, நகம் எவ்வளவு வளைந்தது என்பன எட்டுபவை. அவற்றில் நூலைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை இந்த எல்லையை வெளிப்படையாகவே வகுத்தது. 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட சுற்றுமடல், மனித உடல் முந்திய உயிர்ப்பொருளிலிருந்து வந்திருக்கலாமா என்பதை ஆராய இடமளித்து, ஆன்மாவை இறைவன் நேரே படைக்கிறார் என்பதை மட்டும் விசுவாசத்தின் பகுதியாக நிறுத்தியது. 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் அளவைத் தாண்டிவிட்டது என்று ஏற்றார்.

அப்புத்தளையில் 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிஷம் மாளிகை இப்போது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அதை ஒட்டியிருப்பது தங்கமலைக் காடு. மடத்தில் ஓதப்படும் செபம் காட்டில் நடக்கும் ஏற்றத்துக்கு விளக்கமாக ஓதப்படுவதன்று. தோட்டத்து எல்லையில் வெட்டாமல் விட்ட மரத்தடியில் கல்லும் வேலும் நட்டுக் கும்பிடுபவரும், அந்த மரத்து ஓணானின் விரலமைப்பைச் சான்றாக வைத்துக் கும்பிடுவதில்லை.

மூன்று அளவைகளும் தருவதை இப்படித் தொகுக்கலாம். காண்டல், இன்றைய வாலும் நகமும் எப்படிப் பற்றுகின்றன என்பதைத் தருகிறது. கருதல், அழிந்த உயிர்களும் அப்படிப் பற்றின என்பதைத் தருகிறது. அந்த முடிவு புதிய எலும்பு கிடைத்தால் திருந்தும். பற்றுவதற்கென்று அவற்றை ஒருவன் எண்ணி அமைத்தான் என்பதற்குக் கவ்வாத்துத் தழும்பைப் போன்ற சான்று எதுவும் அந்த எலும்பில் இல்லை. இறைவன் உண்டா என்பதை உரையாலோ, ஒடுக்கம் போன்ற வேறோர் ஏதுவாலோ தீர்மானிக்க முயல்பவருக்கு வழி அடைபடவில்லை. கையின் பொருத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறுபவருக்கு, அந்தக் கிளை அவ்வளவு பாரம் தாங்காது.